120-க்கு 45-ல பாருங்க, அப்புறம் திட்டுங்க

ஒரு வீடியோ கேம் விக்காததுக்கு அதோட கவர் படம்தான் காரணம்னு, அதை உருவாக்கினவங்க போட்ட அந்தப் பதிவைப் பத்தி எழுதக் கூடாதுன்னுதான் மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உள்பெட்டியில ஆளாளுக்கு அந்த லிங்க்கை அனுப்பி "பார்த்தியா, பார்த்தியா"ன்னு கேட்டீங்க. பார்த்தேன். கமெண்ட் எல்லாத்தையும் படிச்சேன். "வரைஞ்சவன் கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சானா"ங்கிறது உட்பட. அந்தக் கவரை வரைஞ்சது யாருன்னு இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கும் சொல்லிடறேன், நான்தான்.

கவர் மோசம். முதல்லயே ஒத்துக்கறேன், அதுல எனக்கு வீம்பு கிடையாது. ஆனா அங்கே நீதிபதியா உட்கார்ந்தவங்க சொன்ன காரணங்களைப் பாருங்க. விரல் சரியில்லையாம். டிராகன் இறக்கைக்கு இன்னும் நுணுக்கம் வேணுமாம். பின்னாடி கோபுரத்துல வெளிச்சம் தப்பான பக்கத்துல இருந்து வருதாம். ஐயா, நீங்க அதைத் திரை நிறையப் பெரிசாக்கி வெச்சுக்கிட்டுப் பார்த்தீங்க. கடையில ஒருத்தரும் அதை அப்படிப் பார்க்க மாட்டாங்க. ஒருத்தரும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு விக்கிற ஆன்லைன் கடை ஸ்டீம். அங்கே கவர் படத்துக்குக் கேப்சூல்னு பேரு. நம்மகிட்ட கேட்கிற தலைப்புக் கேப்சூல் 920-க்கு 430 பிக்சல். சின்னக் கேப்சூல் 462-க்கு 174. அந்தச் சின்னதையும் அவங்க இன்னும் சுருக்கி 184-க்கு 69, 120-க்கு 45ன்னு பட்டியல்களுக்கு எடுத்துக்குவாங்க. 120-க்கு 45ன்னா உங்க கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு. அந்த நகத்துக்கு மேலயும் கீழயும் வேற விளையாட்டுகள் வரிசை கட்டி நிக்கும். 2024-ல மட்டும் ஸ்டீம்ல 18,000-க்கு மேல புது விளையாட்டு வந்திருக்கு. ஓடுற விரல் ஒரு நொடி நிக்கணும். கவரோட வேலை அவ்வளவுதான். அங்கே டிராகனுக்கு எத்தனை பல்லுன்னு எவன் எண்ணப் போறான்?

இப்ப நடந்ததைச் சொல்றேன். நான் முதல்ல கொடுத்த ஸ்கெட்ச்ல ஒரே ஒரு பொண்ணு. முதுகைக் காட்டி நிக்கிறா, கையில லாந்தர், சிவப்புப் போர்வை, எதிர்ல கும்மிருட்டு. விளையாட்டே அதுதான். இருட்டுல விளக்கோட நடக்கிற ஒருத்தியோட கதை. "சூப்பர்"னாங்க விளையாட்டை உருவாக்கினவங்க. ரெண்டு நாள் கழிச்சு, "கூட வர்ற நாலு பேரையும் சேர்த்துடலாமே, அவங்களும் முக்கியமான பாத்திரங்கள்தானே"ன்னாங்க. சேர்த்தேன். கோபுரம் கேட்டாங்க, சேர்த்தேன். முதலீடு போட்டவருக்கு டிராகன் பிடிக்குமாம். விளையாட்டுல டிராகன் வர்றது மொத்தமே ஒரு கனவுக் காட்சியில, அதுவும் நிழலா. அதையும் சேர்த்தேன். கடைசியில லாந்தர் மறைக்குதுன்னு லாந்தரை எடுக்கச் சொன்னாங்க.

பதினோராவது திருத்தம் அன்னிக்கு ராத்திரி அதை 120-க்கு 45-க்குச் சுருக்கிப் பார்த்தேன். காபிக் கறை. நடுவுல வெள்ளையா ஒரு நூல், அது வாள். விளையாட்டோட பேரு, மெல்லிசான வளைவு எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி உடைஞ்சு கிடந்தது. ஓரமெல்லாம் கருநீலம் வேற. ஸ்டீம் பக்கத்தோட பின்னணியும் கருநீலம்தான், அதனால படம் எங்கே முடியுது, கடை எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. அதை அப்படியே அனுப்பி, "இதைத்தான் வாங்க வர்றவங்க பார்ப்பாங்க"ன்னு எழுதினேன். பதில் வந்தது: "டிராகன் தெரியுதே!" கூடவே ஒரு கட்டைவிரல்.

"மறுத்திருக்கணும், நீ தொழில்காரன்தானே"ன்னு சொல்வீங்க. சொல்லுங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை எழுதியே சொன்னேன். நாலாவது தடவை சொல்லியிருந்தா வேலை வேற ஆளுக்குப் போயிருக்கும், அவரும் டிராகன்தான் வரைஞ்சிருப்பார். வயித்துப் பிழைப்புல கொள்கை பேசறது பார்க்கிறவங்களுக்கு ரொம்ப சுலபம். (சரி, மூணாவது தடவை கொஞ்சம் மழுப்பித்தான் எழுதினேன். அது என் தப்பு.)

இந்தப் பாடத்தை நானும் பிறக்கும்போதே படிச்சுட்டு வரல. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி நண்பனும் நானும் சேர்ந்து ஒரு பேய் விளையாட்டு பண்ணோம். கவருக்கு ஒரு மாசம் உசுரை விட்டேன். பாழடைஞ்ச பங்களா, ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒவ்வொரு முகம், புல்லுல பனி. போன்ல திறந்து அக்கா பையன்கிட்டக் காட்டினேன். அவனுக்கு அப்ப ஆறு வயசு. கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "மாமா, இது லாரி கேமா?"ன்னான். ரெண்டு ஜன்னல் வெளிச்சம் ஹெட்லைட் மாதிரி, பங்களா லாரி மாதிரி. திரும்பப் பார்த்தா எனக்கும் லாரிதான். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது லாரிதான்.

அன்னிக்குக் கத்துக்கிட்டது: படத்தை முழுக்கக் கறுப்பாக்கினாலும் உருவம் என்னன்னு தெரியணும். ஹாலோ நைட்ங்கிற விளையாட்டோட (2017) கவர்ல வர்ற அந்த வெள்ளை முகமூடியை எடுத்துக்குங்க. எவ்வளவு சுருக்கினாலும் ரெண்டு கொம்பு, ரெண்டு கறுப்புக் கண்ணு. முடிஞ்சது. இன்னொண்ணு, கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதுல ஒரு கட்டத்துல உங்க படத்தை ஒட்டிப் பாருங்க. தனியாப் பார்க்கிறப்ப எல்லாக் கவரும் அழகுதான். கூட்டத்துல நிக்கிறப்பதான் சாயம் வெளுக்கும்.

அடுத்த கூட்டம், "கவரே ஏமாத்து வேலை, ஸ்கிரீன்ஷாட்டை வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு வரும். உங்களுக்குப் பொறுமையாப் பதில் சொல்றேன், ஏன்னா இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். 1977-ல வந்த அட்டாரி 2600ங்கிற, டிவியில மாட்டி விளையாடுற கருவியில, திரையில தெரிஞ்சது கட்டம் கட்டமா நாலு சதுரம். பெட்டி மேல இருந்தது கைவண்ண ஓவியம். அந்த ஓவியம்தான் அந்தச் சதுரத்தைக் கப்பல்னு நம்ப வெச்சது. ஆனா ஒண்ணு, அது கப்பல் விளையாட்டாத்தான் இருந்தது. என்ன வகை விளையாட்டுங்கிறதுல கவர் பொய் சொல்லக் கூடாது. எங்க டிராகன் சொன்னது அந்தப் பொய்தான். சண்டைன்னு நம்பி வந்தவங்க லாந்தர் பிடிச்சு நடக்கப் பிடிக்காம விட்டுட்டுப் போனாங்க. நடக்க ஆசைப்பட்டவங்க உள்ளயே வரல.

"பெரிய கம்பெனிகளும் நெரிசலா வரையறாங்களே, துப்பாக்கி தூக்கின ஆளை முன்னாடி வைக்கறாங்களே"ன்னு ஒருத்தர் உதாரணம் வேற போட்டிருந்தார், பயோஷாக் இன்ஃபினிட்ங்கிற விளையாட்டை. அந்தக் கவர் வெளியானப்ப ரசிகர்களே முகம் சுளிச்சாங்க. அந்த விளையாட்டை உருவாக்கின கென் லெவின், தொடரைப் பத்திக் கேள்விப்படாதவங்களையும் இழுக்கணும்னுதான் அப்படின்னு வெளிப்படையாச் சொன்னார். சரியோ தப்போ, யாருக்காக, எதுக்காகன்னு தெரிஞ்சு செஞ்சாங்க. விளம்பரத்துக்குக் கொட்ட அவங்ககிட்டப் பணம் இருந்தது. எங்க கவர்ல டிராகன் யாருக்காக? ஒரே ஒருத்தருக்காக. அவரும் விளையாட்டை வாங்கப் போறதில்ல.

இன்னொருத்தர் "விருது முத்திரை எல்லாம் கவர்லயே ஒட்டியிருந்தா வித்திருக்கும்"னு ஆலோசனை சொல்லியிருந்தார். 2022 செப்டம்பர் 1-ல இருந்து ஸ்டீம் கேப்சூல்ல விமர்சன மதிப்பெண், விருது முத்திரை, தள்ளுபடி வாசகம் எதுவும் போடக் கூடாது. விதி தெரியாமலே வைத்தியம் சொல்றாங்க. அதுக்கும் நூறு லைக்.

எனக்கு வலிக்கிறது இதெல்லாம் இல்ல, உண்மையைச் சொல்லிடறேன். விளையாட்டோட கடைசியில ஓடுற பேர்ப் பட்டியலை முழுசாப் பார்த்தேன். இசை, மொழிபெயர்ப்பு, சோதனை பண்ணினவங்க, ஒருத்தரோட பூனை. கவர் வரைஞ்சவன் பேர் இல்ல. கேட்டப்ப "அது விளம்பரச் செலவு, விளையாட்டுல சேராது"ன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். விக்கலைன்னதும் பார்த்தா, என் பேர் கரெக்டா ஞாபகம் வந்திருக்கு, எழுத்துப் பிழைகூட இல்லாம. ரெண்டு வருஷமா என்னை ஒரு தடவைகூட டேக் பண்ணாதவங்க அன்னிக்கு டேக் பண்ணினாங்க.

கவர் மட்டுமே ஒரு விளையாட்டைத் தூக்கி நிறுத்தாது, கவுக்கவும் செய்யாதுன்னு சொல்றவங்களுக்கு: தெரியும். போய் அதை அங்கே சொல்லுங்க.

முதல் கமெண்ட்ல ரெண்டு படம் போட்டிருக்கேன். அவங்க நிராகரிச்ச என் முதல் ஸ்கெட்ச் ஒண்ணு, கடைக்குப் போன பதினோராவது ஒண்ணு. ரெண்டும் 120-க்கு 45. தயவுசெஞ்சு விரலை வெச்சுப் பெரிசாக்காதீங்க. டிராகன் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறவங்க அங்கேயே எழுதுங்க, வரைஞ்ச எனக்கே இன்னும் தெரியல.