டீ டிகாஷனில் முக்கினாலும் காகிதம் மஞ்சளாகும்

பழைய காமிக்ஸ் கலர் கைடு (எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று அச்சகத்துக்குக் காட்ட வண்ணம் பூசிய பக்கம்), அச்சு பிளாக் எல்லாம் வாங்கும்போது காகிதம் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள் எனக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சார், டீ டிகாஷனில் முக்கினாலே போதும், ராயபுரத்தில் எங்கள் தெருப் பையன் நாடகத்துக்கு ஓலை செய்தது அப்படித்தான். நிஜமாகப் பழசானது ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும், ஒரே சீராக இருக்காது.

நான் தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் 20 வருடம் குப்பை கொட்டியவன், ஆனாலும் ஏமாந்தேன். போன வருடம் ஒருவரிடம் "70களின் காமிக்ஸ் பிளாக்" என்று 4500 ரூபாய்க்கு மரக்கட்டையில் அடித்த துத்தநாகத் தகடு வாங்கி, வீட்டுக்கு வந்து பலூனில் இருந்த வசனத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். படித்து முடித்த பிறகுதான் உறைத்தது, மை தடவி நேராகக் காகிதத்தில் அழுத்தும் லெட்டர்பிரஸ் பிளாக்கில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியல்லவா இருக்கணும்! நேராக இருந்தால் அச்சில் இடவலம் மாறிவிடும். (ஆஃப்செட் பிளேட் வேறு, மை முதலில் ரப்பர் உருளைக்குப் போய் அங்கிருந்து காகிதத்துக்கு வருவதால் அதில் நேராகத்தான் இருக்கும்.) மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

அமெரிக்கக் கலர் கைடு என்றால் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். கோடு நகலாக இருக்கலாம், தப்பில்லை, ஆனால் வண்ணம் கையால் பூசியது, தூரிகை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் அடர்த்தியாகத் தெரியும். பொடிப்பொடியாகப் புள்ளி சிதறியிருந்தால் இன்க்ஜெட், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஓரத்தில் ஒய்2, ஆர்3 என்று எழுதியிருப்பதைப் படத்தோடு ஒப்பிடுங்கள், ஒய் மஞ்சள், ஆர் சிவப்பு, 2 என்றால் அந்த மை 25 சதவீதம், 3 என்றால் 50. ஆர்2 என்று எழுதிவிட்டு ரத்தச் சிவப்பு பூசியிருந்தால் சந்தேகப்படலாம்.