கேள்வி கேட்டவர் பதிலை ஏன் கேட்கவில்லை?

சனிக்கிழமை பரிசளிப்பு விழாவில் நடந்ததை இதற்குள் எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். பாடசாலையின் பெயரையோ பிரதம விருந்தினரின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. "மனிசன் நிலவுக்குப் போகவே இல்லை பிள்ளைகளே, காத்தில்லாத இடத்தில கொடி எப்பிடி ஆடும்?" என்று அவர் மைக்கில் கேட்டதும் மண்டபமே கைதட்டியது. பத்தாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒன்று பரிசுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பி, "சேர், கொடியின்ட மேல் ஓரத்தில குறுக்குத் தடி இருக்கு" என்றது. "இருங்க பிள்ளை, பெரியாக்கள் கதைக்கிறாங்க" என்றார்கள். மண்டபம் சிரித்தது.

அந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. காற்றில்லாததால் கொடி தொங்கிவிடும் என்று தெரிந்துதான் மேலே தடி போட்டுக் கொண்டு போனார்கள். துணியில் இருந்தது மடிப்பு. தடியை நட்டபோது ஆடியது, காற்று இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது.

சந்தேகப்படுவதுதானே விஞ்ஞானம் என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். ஓம், சந்தேகப்படுங்கள். ஆனால் கேள்வி கேட்டால் பதிலையும் கேட்க வேண்டும். பதில் வரும்போது வாயை அடைக்கிறவர் சந்தேகப்படவில்லை, முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அமெரிக்காக்காரனுக்கு ஏன் வக்காலத்து?" இதுவும் வந்தது. அமெரிக்காவை விடுங்கள், சோவியத்தைப் பாருங்கள். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருக்கும்போதே சோவியத்தின் லூனா 15 என்ற ஆளில்லா விண்கலம் அங்கே மோதி நொறுங்கியது. போட்டியில் தோற்றவர்கள் அவர்கள். பொய்யென்றால் முதலில் ஊரைக் கூட்டியிருப்பவர்களும் அவர்கள்தான். அடுத்த வருடம் லூனா 16 ஆளில்லாமல் போய் நிலவு மண் கொண்டுவந்தது, ஏறத்தாழ 100 கிராம். அமெரிக்காவின் ஆறு அப்பல்லோ பயணங்களில் மனிதர்கள் அள்ளி வந்ததோ 382 கிலோ. அங்கே வைத்துவிட்டு வந்த ஆடிகளில் இன்றும் லேசர் ஒளி பட்டுத் திரும்புகிறது. நிலவு வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்பதை அப்படித்தான் அளக்கிறார்கள்.

நட்சத்திரம் ஏன் படத்தில் இல்லை? வெயிலில் எடுத்த படம், அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்தால் மங்கலான நட்சத்திரம் பதியாது. ஏன் திரும்பப் போகவில்லை? 1972 வரை ஆறு தரம் இறங்கி, பன்னிரண்டு பேர் நடந்த பிறகு காசை நிறுத்திவிட்டார்கள். 1967இல் அப்பல்லோ ஒத்திகையின்போது தீ விபத்தில் இறந்த மூன்று விண்வெளி வீரர்களின் பிள்ளைகளிடம் போய் இது நாடகம் என்று சொல்ல முடியுமா?

"எங்கட சனத்துக்கு ஆயிரம் பிரச்சினை, உனக்கு நிலவா?" என்று கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கல்லடியில் இருந்த என் பெரியம்மா வாசல் கதவைப் பூட்டாமல்தான் படுப்பா. "கடல் வருது" என்று யாராவது ஒருத்தர் கத்தினால் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடும். ஒருநாள் அப்படி ஓடி விழுந்து கால் முறிந்தவ, பிறகு ஒழுங்காக நடக்கவே இல்லை. கடல் அன்றைக்கு வரவும் இல்லை. எது உண்மை, எப்படித் தெரிந்துகொள்வது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்தவர். பழந்தமிழ் இசை பற்றி எழுதிய யாழ் நூலில் சுருதிகளைக் கணக்குப் போட்டே காட்டினார். அவரின் படத்துக்கு மாலை போட்டுத் தொடங்கிய விழாவில்தான் இது நடந்தது.

மரியாதை தெரியாத பிள்ளையாம். "சேர்" என்று கூப்பிட்டு ஒரு வரி சொன்னது மரியாதைக் குறைவா? எட்டாம் ஆண்டில் கை உயர்த்துகிற எங்கள் பெண்பிள்ளைகள் உயர்தரம் வரும்போது தலை குனிந்து எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். வகுப்பில் நான் வருடா வருடம் பார்க்கிறேன். ஏன் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்துக் கருத்துப் போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்தேன். ஒளித்தெறிப்பை உங்களுக்கு நான்தான் படிப்பித்தேன். கருத்தை அழிக்கச் சொல்லவில்லை. அதன் கீழேயே அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள்.