எடுத்து வைத்த விதைக்கு வழக்கு

2019 ஏப்ரலில் பெப்சிகோ நிறுவனம் குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்டது நினைவிருக்கிறதா? சிப்ஸுக்காக அந்த நிறுவனம் பதிவு செய்த எஃப்எல் 2027 உருளைக்கிழங்கு ரகத்தை விவசாயிகள் அனுமதி இல்லாமல் பயிரிட்டார்களாம். நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அந்தத் தொகையைவிட எனக்கு உறுத்தியது வேறு. நம் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில், பதிவு பெற்ற ரகமே ஆனாலும் விவசாயி அதன் விதையை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தும் கோர்ட்டுக்கு அலைந்து, வக்கீல் வைத்து, அந்தப் பிரிவை எடுத்துக்காட்டும் வேலை விவசாயியின் தலையில்தான் விழுந்தது.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு ரகத்தை உருவாக்க வருடக்கணக்கில் ஆகிறது. விற்ற விதையோ அடுத்த போகத்தில் தானே பெருகிவிடும். அமெரிக்காவில் பௌமன் என்ற விவசாயி, தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்து, களைக்கொல்லி அடித்து, தப்பிய பயிரின் விதையை வருடாவருடம் எடுத்து வைத்தார். களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய அந்த ரகம் மான்சான்டோ என்ற விதைக் கம்பெனியுடையது. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் மான்சான்டோ பக்கம் நின்றார்கள். அங்கே விதைக்குக் காப்புரிமை உண்டு, அவர் தெரிந்தே செய்தார். சரி, அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் மகரந்தம் காற்றில் வருமே, அதற்கு என்ன செய்வது? பக்கத்து வயலில் இருந்து மரபணு மாற்றிய பயிரின் மகரந்தம் பறந்து வந்து கலந்தால் தங்கள் மீதும் வழக்கு வருமோ என்று பயந்த இயற்கை விவசாயிகள் 2011-இல் அமெரிக்காவில் முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போனார்கள். சிறிதளவு கலப்புக்கு வழக்குப் போட மாட்டோம் என்று மான்சான்டோ கோர்ட்டில் உறுதி சொன்னது. அதை வைத்தே 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த உறுதி கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்றார்கள் நீதிபதிகள். கட்டுப்படுத்தட்டும். ஆனால் அது அந்த ஒரு கம்பெனியின் வாக்கு. என்னைக் கேட்டால், எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும்படி சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி அது.

குஜராத் கதையும் அப்புறம் நீண்டது. 2021 டிசம்பரில் பயிர் ரகங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம் அந்த உருளைக்கிழங்கு ரகத்தின் பதிவை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. 39-ஆவது பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அதோடு ஒன்று சேர்க்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்: விவசாயிக்கு நோட்டீஸ் அனுப்பும் முன், இந்தப் பிரிவு அவருக்கு ஏன் பொருந்தாது என்று கம்பெனிதான் ஆதாரத்தோடு, அவருடைய மொழியில் எழுதிக் காட்ட வேண்டும்.