பெர்ரி விட்ட தவுக்கேயும் நகராண்மைக் கழக நாற்காலியும்

நேற்று பட்டர்வொர்த்தில், பினாங்குத் தீவுக்குப் போகும் பெர்ரிக்குக் காத்திருந்தபோது, முன்னால் நின்ற தம்பி ஒருவர் போனில் யாரிடமோ, "இந்தப் பெர்ரியெல்லாம் வெள்ளைக்காரன் ஆரம்பிச்சு வெச்சது" என்றார். திருத்த நாக்கு துடித்தது. பொது இடம், அடக்கிக்கொண்டேன். அந்தப் பாக்கிதான் இந்தப் பதிவு.

ஆரம்பித்தவர் குவா பெங் கீ, பினாங்குச் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. 1894-ல் தீவுக்கும் பாகான் துவான் கெச்சிலுக்கும், அதாவது இன்றைய பட்டர்வொர்த்துக்கும், ஒழுங்காகப் படகு ஓட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு 22 வயது இருக்கும். அந்த வயதில் நான் சில்லறை மாற்றி, ஒரு வெள்ளி இருபது காசைத் தடுப்புக் கதவில் போட்டுவிட்டு, தீவில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது காசு இல்லை, ஓசிப் பயணம். அது ஒன்றுதான் ஆறுதல்.

பெங் கீ படகோடு நிற்கவில்லை. 1907-ல் கோ என்ற வணிகக் குடும்பத்தாரோடு சேர்ந்து ஈஸ்டர்ன் ஷிப்பிங் கம்பெனியைத் தொடங்கினார். சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப்போடு மோதிய கம்பெனி. கடைசியில் 1922-ல் அந்த ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப்பே அதை வாங்கிப் போட்டது. பெர்ரியும் 1924-ல் துறைமுக வாரியத்தின் கைக்குப் போனது.

சரி, வியாபாரியாக அவர் கெட்டிக்காரர். எனக்கு இடிப்பது இன்னொன்று. அவர் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் நகராட்சி ஆணையராகவும், அதாவது ஊரை நிர்வகித்த குழுவில் ஒருவராகவும் இருந்தார். படகுத்துறைக்கு இந்தப் பக்கமும் அவர், ஊர் நிர்வாக மேசைக்கு அந்தப் பக்கமும் அவர். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அந்தக் கால ஏற்பாடே அப்படி. வரி கட்டும் சொத்துக்காரர்களுக்குத்தான் ஓட்டு. 1913-ல் அந்தத் தேர்தலையும் எடுத்துவிட்டு, எல்லாரையும் நியமனம் ஆக்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் ஆட்களுக்கு அந்த மேசையில் இடம் ஏது? என் தாத்தா தொங்கான் என்ற சரக்குப் படகில் மூட்டை இறக்கியவர். நகராட்சி என்றால் அவருக்குக் குப்பை வண்டி, அவ்வளவுதான்.

1951-ல் ஜார்ஜ் டவுனில் மறுபடி தேர்தல் வந்தது. மலாயாவிலேயே முதலில் இங்கேதான். 1957-ல் மாநகரானது. அதன் ஆரம்பகால மேயர்களில் ஒருவர் டி. எஸ். இராமநாதன், தமிழர். அப்புறம் 1965-ல் இந்தோனேசியாவோடு மோதல் என்று சொல்லி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். "தற்காலிகமாக" என்றார்கள். இன்றுவரை கவுன்சிலர்கள் நியமனம்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் கதை. தேர்தலைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று மேடையில் முழங்கியவர்களும் நியமனப் பட்டியலைப் பார்த்ததும் சமாதானமாகிவிடுகிறார்கள்.

பழைய ஸ்காட் ரோட்டுக்கு இன்று இராமநாதன் பெயர். அந்தச் சாலையில் குழி விழுந்தால், "உனக்கு ஓட்டுப் போட்டவன் கேட்கிறேன்" என்று போய் நிற்க ஒரு கவுன்சிலர் கிடையாது.