காலியா, சூரியவெவவா?

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் காணி விலைதான் கதைக்கிறார்கள். பண்ணைப் பாலம் தாண்டினால் ஒரு பரப்பு என்ன விலை, வேலணையில் என்ன விலை, யார் கனடாவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்... முடிவெட்டப் போனால் அங்கேயும் அதே கதை. "அண்ணை, உங்களுக்கென்ன, மேல்மாடியில நாலு அறை கிடக்கு. உலகக் கிண்ணம் வந்தா இரவுக்கு ஐம்பதாயிரம் கேக்கலாம்" என்றான் சலூன்காரத் தம்பி. நல்லூருக்குப் பக்கத்தில் நான் அறை வாடகைக்கு விடுகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு சுயநலம் இருக்கிறது. அதோடு கிரிக்கெட் பைத்தியமும் இருக்கிறது. இரண்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

பைத்தியம் எப்போது பிடித்தது என்று நாள் சொல்ல முடியும். 1996 மார்ச் 17. போரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மீசாலையில் உறவினர் வளவில், ஒரு கொட்டிலில் மூன்று குடும்பமாக இருந்தோம். லாகூரில் இலங்கை ஆடும் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். பற்றரி கிடையாது, கிடைத்தாலும் யானை விலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தோம். பெடியள் முறை வைத்துக் கையால் பெடல் சுற்றினோம். வேகம் குறைந்தால் வர்ணனையாளரின் குரல் தூங்கி வழியும். அரவிந்த டி சில்வா நூறைத் தொட்ட நேரம் என் மச்சானுடைய முறை. அவனுக்குக் கை பிடித்துக்கொண்டது. குரல் இழுபட்டு நின்றே போய்விட்டது. திரும்ப உயிர் வந்தபோது அங்கே கைதட்டல் மட்டும் கேட்டது. இன்றுவரை அந்த நூறு எங்கள் வீட்டில் கேட்கப்படாத நூறு.

பெரியப்பா மட்டும் வேலியோரம் இருந்து, "எங்களைக் கலைச்சவங்கட ரீமுக்கு ஏன்ரா இந்தப் பாடு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் எழும்பிப் போகவில்லை. கடைசி ஓட்டம் வரைக்கும் இருந்தார்.

சரி, மைதானத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து அடிக்கல் வைத்தார். 40,000 பேர் இருக்கக்கூடிய மைதானம் என்கிறார்கள். அதே நாளில்தான் யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகத்தையும் திறந்து வைத்தார். உலகத்தை இங்கே கொண்டுவர ஒன்று, எங்களை வெளியே அனுப்ப ஒன்று. எதில் முதலில் வரிசை நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சர்வதேச ஆட்டம் யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. லங்கா பிரீமியர் லீக்கில் எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்த அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவை கிண்ணம் எடுத்திருக்கிறது. 2020 முதல் 2024 வரையான ஐந்து பருவத்திலும் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. கொழும்பில் ஆடினார்கள், கண்டியில் ஆடினார்கள், தம்புள்ளையில் ஆடினார்கள். முதல் கிண்ணத்தை எடுத்தது எங்கே தெரியுமா? அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில். கொரோனாக் காலம், பார்வையாளர் ஒருவரும் இல்லை. எங்கள் பெயருக்கு வெற்றுக் கதிரைகள் கைதட்டின.

அந்தச் சூரியவெவவை மறந்துவிட்டு மண்டைதீவைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

2011 உலகக் கிண்ணத்துக்கென்று காட்டுக்குள் 35,000 பேருக்கான மைதானம் கட்டினார்கள். உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டே ஆட்டங்கள்: இலங்கை–கனடா, பாகிஸ்தான்–கென்யா. அதே உற்சாகத்தில் 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவையும் அம்பாந்தோட்டைக்குக் கேட்டார்கள். 2011 நவம்பரில் சென் கிட்ஸ் தீவில் வாக்கெடுப்பு நடந்தது. 43க்கு 27 என்று அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் வென்றது. அன்று நாடு கவலைப்பட்டது. இப்போது யோசித்தால் அந்தத் தோல்வியைப்போல் ஒரு நன்மையை யாரும் எங்களுக்குச் செய்யவில்லை. பணக்கார விக்டோரியா மாநிலமே 2026 விழாவை எடுத்துவிட்டு, 2023இல் செலவு தாங்காது என்று கையை விரித்தது. நாங்கள் 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றவர்கள். அந்த வருடம் இங்கே நடக்கவேண்டிய ஆசியக் கிண்ணமே ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்விட்டது.

பிறகு சூரியவெவவுக்கு என்ன நடந்தது? இடையிடையே சில ஆட்டங்கள். மைதானத்தைக் கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று செய்தி வந்து வெளிநாட்டுக்காரரும் சிரித்தார்கள். பக்கத்தில் விமானம் அதிகம் வராத மத்தல விமான நிலையம், அதைப் பற்றிக் கதைத்தால் இந்தப் பதிவு முடியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் கிடைத்த 2026 இருபது20 உலகக் கிண்ணத்துக்கு இலங்கைப் பக்கத்தில் தெரிவானவை கொழும்பில் இரண்டு மைதானமும் பல்லேகலையும்தான். உலகக் கிண்ணத்துக்கென்றே பிறந்த பிள்ளைக்கு அந்த உலகக் கிண்ணத்தில் அழைப்பில்லை.

இதற்கு நேரெதிரான பிள்ளை தென்கரையில் இருக்கும் காலி நகரத்து மைதானம். 2004 சுனாமி மைதானத்தை வாரிக்கொண்டு போனது, 2007 டிசம்பரில் திரும்ப ஆட்டம் தொடங்கியது. 2010இல் முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தது அங்கேதான். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் நடந்து போகும் தூரம். காசில்லாதவன் கோட்டை மதிலில் ஏறிப் பார்க்கிறான். இங்கிலாந்துக்காரர் டெஸ்டுக்கென்று வந்தால் ஐந்து நாளும் ஊருக்குள்தான் சுற்றுவார்கள், ஊருக்குள்தான் சாப்பிடுவார்கள். மைதானம் ஊரின் மடியில் இருக்கிறது. ஆட்டம் இல்லாத நாளிலும் ஊர் செத்துப்போவதில்லை, ஏனென்றால் ஊர் ஆட்டத்தை நம்பிப் பிறக்கவில்லை.

எங்களுக்கும் கோட்டை இருக்கிறது. கோட்டையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் சென்ட்ரல் கல்லூரி மைதானம், துரையப்பா விளையாட்டரங்கு. 1904இல் தொடங்கிய "வடக்கின் பெரும் போர்" என்ற கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு மார்ச் மாதத்தில் ஒருதரம் வந்து பாருங்கள். சென்ட்ரலும் சென் ஜோன்ஸும் மூன்று நாள் மோதும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொந்தி வைத்த பழைய மாணவர்கள் விமானம் ஏறி வருவார்கள். என் நாலு அறையும் இரண்டு மாதத்துக்கு முன்னமே முடிந்துவிடும். விளையாட்டுச் சுற்றுலா என்று இப்போது பெரிய சொல்லாகச் சொல்கிறார்களே, அதை நாங்கள் பாண்ட் வாத்தியத்தோடு ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் 40,000 கணக்கு. யாழ்ப்பாண மாவட்டத்துச் சனத்தொகை ஏறத்தாழ 6 லட்சம். கைக்குழந்தை முதல் தடியூன்றும் கிழவி வரை 15 பேருக்கு ஒருவர் வந்து குந்தினால் மைதானம் நிரம்பும். ஒருநாள் நிரம்பும், சந்தேகமில்லை. முதல் இந்திய ஆட்டத்துக்கு நானே முதல் ஆளாக நிற்பேன். மற்ற 360 நாளும் யார் புல்லுக்குத் தண்ணீர் விடுவது?

தண்ணீர் என்று சொன்னதும் என் கேத்தல் ஞாபகம் வருகிறது. அறைகளில் வைத்திருக்கும் மின்சாரக் கேத்தலில் ஒரு மாதத்துக்குள் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறிவிடும். சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்று நீர் அப்படித்தான். ஒரு பிரெஞ்சுப் பெண் அதைப் படமெடுத்து, இது என்ன நோய் என்று கேட்டாள். தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவிக் காட்டினேன். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்வது நிலத்துக்குள் இறங்கி, அதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல்தான் வந்தது. தோட்டக்காரனும் வீட்டுக்காரனும் ஒரே நீருக்கு அடிபடும் ஊரில் ஒரு சர்வதேச மைதானத்தின் புல் எவ்வளவு குடிக்கும் என்பதை அடிக்கல்லுக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டாமா?

மண்டைதீவுக் கரை கண்டலும் பரவைக்கடலும் சேர்ந்த இடம். சிறகுவலை கட்டுகிறவர்களுக்கு அதுதான் சோறு. 1990இல் அந்தத் தீவில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மண்ணைக் கிண்டுகிறவர்கள் அதையும் ஞாபகத்தில் வைத்துக் கிண்டட்டும். இதைச் சொன்னால் "அபிவிருத்திக்கு எதிரி" என்று கீழே எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள்.

பெரிய கூட்டத்தை எங்களால் சமாளிக்க முடியாது என்று கொழும்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரன்று வீதியில் எள் போட்டால் எள் விழாது. தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல், செருப்புக் காவல், வாகனத் தடை. பின்னேரம் குப்பை அள்ளும் வண்டி வரும்போது வீதி பழையபடி கிடக்கும். ஆள்களைச் சமாளிப்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஓர் அணி வந்து தங்க முழு மாடியாக அறை, பலாலியில் இறங்கப் பெரிய விமானம், ஒரு நொடி மின்சாரம் போகாத இரவு, இவைதான் பிரச்சினை. இப்போது சென்னையிலிருந்து வருவது எழுபது பேர் ஏறும் சின்ன விமானம்.

இன்னொன்று. அக்காவின் மகள் பாடசாலை அணியில் வேகமாகப் பந்து வீசுகிறாள். பயிற்சி நாளில் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஏன் என்று கேட்டேன். அந்த மைதானத்தில் பெண்பிள்ளைகள் போகக்கூடிய கக்கூஸ் இல்லை. இருப்பதற்குக் கதவில்லை. பெயர் வேண்டாம், பல இடங்களில் இதே கதைதான். ஆசியாவையே வென்ற வலைப்பந்து அணியில் நின்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண். வியாஸ்காந்த் சென்ட்ரலிலிருந்து ஐபிஎல் வரை போனான். அவர்கள் வந்தது 40,000 கதிரை உள்ள இடத்திலிருந்து இல்லை.

ஆகவே என் ஆசை சின்னது. முதலில் எங்கள் பெயர் சுமக்கும் அணியை ஒரேயொரு லீக் ஆட்டத்துக்கு ஊருக்குக் கூட்டி வாருங்கள். பத்தாயிரம் பேர் இருக்கக்கூடிய இடமும் புல்மேடும் போதும். மிச்சக் காசில் பாடசாலை மைதானங்களுக்குக் கதவுள்ள கக்கூஸ் கட்டுங்கள். ஆடுகளமும் அறைகளும் விமானமும் சேர்ந்து வளர்ந்த பிறகு உலகக் கிண்ணத்தைக் கேளுங்கள். அப்போது கேட்கத் தேவைகூட இருக்காது.

நேற்று மச்சான் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தான். கை பிடித்துக்கொண்ட அதே மச்சான். மண்டைதீவு வீடியோ பார்த்தானாம். இந்தியா வந்து ஆடினால் குடும்பத்தோடு வருவானாம், அறையை இப்போதே பிடித்து வைக்கச் சொன்னான். இன்னும் அத்திவாரம்தான் என்று சொன்னேன். கேட்கவில்லை. "பின்னேர வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? நிழல் பக்கம் பாத்துச் சொல்லு" என்றான்.

மேற்குப் பக்கம் எடு என்று சொல்லியிருக்கிறேன்.