செல்லில் வேலை செய்தால் போதுமா?

"ஆய்வகத்தில் வைரஸை அழித்துவிட்டது, அப்புறம் ஏன் மருந்தைத் தரத் தாமதம்?" என்று மருந்துச் சோதனைகள் பற்றிய உங்கள் கட்டுரை கேட்கிறது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை நினைத்துப் பாருங்கள். குரங்கின் சிறுநீரகச் செல்களில் கொரோனா வைரஸை அது நன்றாகவே தடுத்தது. மனித நுரையீரல் செல்களில் வைரஸ் வேறு வழியாக நுழைகிறது. அங்கே மருந்து எடுபடவில்லை. 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' என்ற பெரிய மருந்துச் சோதனையில், கொரோனா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அதைக் கொடுத்துப் பார்த்தபோதும் உயிரிழப்பு குறையவில்லை.

அதே சோதனையில்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இத்தனைக்கும் அது வைரஸைத் தாக்கும் மருந்தே இல்லை! ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அந்த மருந்து தரப்படாத ஒப்பீட்டுக் குழு இருந்ததால்தான் தெரிந்தது. தயவுசெய்து இப்படி மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதைத் 'தாமதம்' என்று எழுதாதீர்கள்.