வாசலுக்கு வெளியே ஒரு கோழிக்கடை

ஏர்போர்ட்டில் கோழி தின்றதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்காதீர்கள். ஒரு வாரமாக மனசில் கிடக்கிறது.

மகளுக்குப் பிரசவம். மனைவி முன்னாலேயே சிங்கப்பூர் போய்விட்டாள். இப்போது நான். விமானம் ஏறுவது ஒரு ஆள், வழியனுப்ப பதினோரு பேர். மன்னார்குடிப் பக்கம் இது ஒரு கூட்டமே இல்லை. குவைத்துக்கு முதல் தடவை போகிற பையன் என்றால் இரண்டு வேன் கிளம்பும். தஞ்சாவூர் தாண்டி செங்கிப்பட்டிப் பக்கம் மரத்தடியில் நிறுத்தி, அண்ணி கட்டி வந்த புளிச்சோற்றை இலையில் வைத்துச் சாப்பிட்டோம்.

திருச்சியில் புது முனையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கியது. ஸ்ரீரங்கம் கோபுரச் சாயலில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டு விமான நிலையங்களில் பெரும்பாலும் சங்கதி ஒன்றுதான்: டிக்கெட் உள்ளவன் உள்ளே, மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே. விளம்பரத்தில் கோழிப் படத்தைப் பார்த்த அண்ணன் பேரன், "சின்னத் தாத்தா, எனக்கு அது" என்றான். நான் அதற்குள் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போயிருந்தேன்.

விமானம் தாமதம். பசி. மிச்சப் புளிச்சோறு பையில் இருந்தது. சோற்றுக்குத் தடையில்லை, 100 மில்லிக்கு மேல் குழம்பு, ரசம் என்றால்தான் வம்பு. அந்தப் பளபளப்பில் பொட்டலம் பிரிக்க எனக்குத்தான் வெட்கம். உள்ளே இருந்த கோழிக்கடையில் இரண்டு துண்டுக் கோழி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஒரு கோலா. 500 ரூபாய்க்கு இருபது குறைவு.

ருசியைக் குறை சொல்ல மாட்டேன். மேலே மொறுமொறு, உள்ளே சாறு. பிரஷரில் பொரிக்கிற வித்தை அது. விமானத்தில் சாப்பிடுவதைவிட இது மேல் என்றும் சொல்வேன். உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதுபோல. கிட்டத்தட்ட ஊட்டி உயரம். காற்றும் வறட்சி. நாக்கு மரத்து உப்பும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும். ஆகவே தரையிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், தப்பே இல்லை.

என் குறை வேறு. இந்த வகைப் பொரித்த கோழியைப் பிரபலப்படுத்திய கே.எஃப்.சி. சாண்டர்ஸ், 1930-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பெட்ரோல் பங்க் நடத்தியவர். வண்டியை நிறுத்தியவர்களுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பரிமாறித்தான் ஆரம்பித்தார். வழியில் போகிறவர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு. நம் கட்டுச்சோற்றுக்குப் பங்காளி முறை. அதைக் கொண்டுவந்து, தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் விற்கிறோம். என் பக்கத்து மேசையில் ஒரு பையன், வேலைக்குப் போகிறவன்தான், ஒரு கையில் போனைப் பிடித்து அம்மாவிடம் பேசிக்கொண்டே மறுகையால் தின்றான். அந்த அம்மா அப்போது கார் பார்க்கிங்கில்தான் நின்றிருக்க வேண்டும்.

கடையை வாசலுக்கு வெளியே வையுங்கள் என்கிறேன். வேனில் வந்த பன்னிரண்டு பேரும் உட்காரட்டும். வியாபாரமும் கூடத்தான் செய்யும். பிரிகிற நேரத்தில் எங்கள் ஆட்கள் காசு பார்க்க மாட்டார்கள்.

ஊர் திரும்பும் வேன் துவாக்குடி தாண்டும்போது அண்ணி போன் செய்தார்.

"சாப்டீங்களா தம்பி?"

"ஆச்சு அண்ணி. கோழி."

"எவ்வளவு?"

"நூத்தம்பது."

"மெதுவாச் சொல்லுங்க, இவன் இப்பத்தான் அழுது தூங்கியிருக்கான்."